தீத்தடுப்புக் கண்ணாடி: மலையகத்தில் கட்டடம் கட்டுபவர்கள் கேட்கும் கேள்விகள்

நுவரெலியா, பண்டாரவளை, எல்ல பக்கம் கெஸ்ட் ஹவுஸோ கடையோ கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் கண்ணாடி வேண்டும். மலை தெரிய வேண்டும், மூடுபனி நாளிலும் வெளிச்சம் வர வேண்டும். நான் கதவு, ஜன்னல் பொருத்தும் தொழிலில் இருப்பவன். வரைபடத்தில் "தீத்தடுப்புக் கண்ணாடி" என்று ஒரு வரி வந்ததும் என்னிடம் வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன். கடலோர, நிலநடுக்க நாடுகளில் கட்டட வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகள் கேட்டவையும் பின்பகுதியில் இருக்கின்றன.

கண்ணாடி எரியாதுதானே அண்ணே? பிறகு எதுக்குத் தனியா தீக்கண்ணாடி?

எரியாது. ஆனால் உடைந்து விழும். விழுந்த இடம் தீக்கு வாசலாகிவிடும். ஜன்னல் கண்ணாடியின் நடுப்பகுதி தீயை நேரே பார்த்துச் சூடாகும்போது, பீடிங்குக்குள், அதாவது கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்து வைக்கும் பட்டிக்குள், மறைந்திருக்கும் ஓரம் குளிராகவே இருக்கும். இரண்டுக்கும் ஏறக்குறைய 40 பாகை செல்சியஸ் வித்தியாசம் வந்தாலே சாதாரணக் கண்ணாடியில் ஓரத்திலிருந்து விரிசல் ஓடத் தொடங்கும். தீப்பிடித்த அறையில் அதற்குச் சில நிமிடம் போதும்.

சர்வதேசப் பரிசோதனையில் உலையின் சூடு 5 நிமிடத்தில் 576 பாகைக்கும், அரை மணியில் 842க்கும், ஒரு மணியில் 945க்கும் ஏற்றப்படும். அந்தச் சூட்டில், குறித்த நிமிடம் வரை சட்டத்தை விட்டு விழாமல் நின்று காட்டியதைத்தான் தீத்தடுப்புக் கண்ணாடி என்கிறோம்.

டெம்பர்ட் போட்டா போதாதா? கடைக்காரர் அதுவே ஃபயர் கிளாஸ்தான் என்கிறார்.

போதாது. டெம்பர்ட் என்றால் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துப் பலப்படுத்திய கண்ணாடி. அதில் சாதாரண வகை 200 பாகை அளவுக்கு வெப்ப வித்தியாசம் தாங்கும். மேலே சொன்ன உலைக் கணக்கோடு ஒப்பிட்டால் 5 நிமிடத்துக்கே அது காணாது. உடையும்போது முழுப் பலகையும் ஒரே நேரத்தில் சிறு துண்டுகளாகக் கொட்டிவிடும். மோதினால் ஆளை வெட்டாமல் இருக்கச் செய்த கண்ணாடி அது. அந்த வேலையை நன்றாகவே செய்யும்.

இரண்டு பலகைக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியும் அப்படித்தான். சூட்டில் அந்தத் தாள் உருகும், எரியவும் செய்யும். தீக்கென்றே தனியாகப் பதப்படுத்திப் பரிசோதித்த டெம்பர்ட் வகைகளும் உண்டு. ஆனால் பார்வைக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கும். பிரித்தறிய மூலையில் இருக்கும் முத்திரையைத்தான் பார்க்க வேண்டும், அதைப் பிறகு சொல்கிறேன்.

அப்ப உண்மையான தீக்கண்ணாடி என்னென்ன வகை இருக்கு?

பழையது கம்பிவலைக் கண்ணாடி. சூட்டில் விரிசல் விடும், ஆனால் உள்ளே இருக்கும் வலை துண்டுகளைப் பிடித்து வைத்திருக்கும். அடுத்தது செராமிக் கண்ணாடி. இது சூட்டில் விரிவதே இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவாகத்தான் விரியும், அதனால் கொதிக்கும் நிலையில் தீயணைப்புக் குழாய்த் தண்ணீர் பட்டாலும் நிற்கும். இந்த இரண்டும் சுவாலையைத் தடுக்கும், வெப்பத்தைத் தடுக்காது. செராமிக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கு அனல் அப்படியே அடிக்கும்.

மூன்றாவதுதான் உண்மையில் சுவரைப் போல வேலை செய்வது. பல கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவே சிலிக்கேட் படலமோ ஜெல்லோ இருக்கும். பில்கிங்டன் கம்பனியின் பைரோஸ்டாப் இந்த இனம். ஏறக்குறைய 120 பாகையில் அந்தப் படலம் எண்ணெயில் போட்ட அப்பளம் போலப் பொங்கி வெள்ளையாகிவிடும். அதன் பிறகு மறுபக்கம் தெரியாது, அனலும் வராது. கனம் அதிகம், விலையும் அதிகம்.

கோட்டேஷனில ஈ 30, ஈடபிள்யூ 30, ஈஐ 60 என்று போட்டிருக்கு. எல்லாம் ஒன்றா?

ஒன்றல்ல. காசு வீணாவதும் உயிருக்கு ஆபத்து வருவதும் இந்த எழுத்துகளில்தான். எண் நிமிடத்தைக் குறிக்கும். ஈ என்றால் அத்தனை நிமிடம் சுவாலையும் சூடான வாயுவும் தாண்டாது, அவ்வளவுதான். ஈடபிள்யூ என்றால் அதோடு, ஒரு மீட்டர் தள்ளி நின்றால் படும் வெப்பக் கதிர்வீச்சு சதுர மீட்டருக்கு 15 கிலோவாட்டைத் தாண்டாது. அது மனிதர் நிற்கக்கூடிய அனலே அல்ல. ஈஐ என்றால் சுவாலை தாண்டாததோடு, மறுபக்க மேற்பரப்பின் சூடு தொடக்கத்தில் இருந்ததை விடச் சராசரியாக 140 பாகைக்கு மேலும், எந்த ஒரு புள்ளியிலும் 180 பாகைக்கு மேலும் உயராது.

ஆட்கள் அந்தக் கண்ணாடியை ஒட்டி ஓடித் தப்ப வேண்டிய இடம் என்றால் ஈஐ கேளுங்கள். "30 நிமிடம் தாங்கும்" என்று மட்டும் யாராவது சொன்னால், எந்த எழுத்து என்று திருப்பிக் கேட்காமல் விடாதீர்கள்.

எங்க கெஸ்ட் ஹவுஸ் மூணு மாடி. எல்லா ஜன்னலுக்கும் இது வேணுமா?

வேண்டாம். பள்ளத்தாக்கைப் பார்த்த ஜன்னலுக்கு, அதன் அருகே வெளிப்படிக்கட்டோ பக்கத்துக் கட்டடமோ இல்லாவிட்டால், நல்ல பாதுகாப்புக் கண்ணாடி போதும். பார்க்க வேண்டியது மூன்று இடம்: படிக்கட்டைச் சுற்றிய அடைப்பு, குசினிக்கும் நடைபாதைக்கும் நடுவே உள்ள கதவு அல்லது தடுப்பு, எல்லையை ஒட்டிப் பக்கத்துக் கட்டடத்தைப் பார்த்த சுவர். எத்தனை நிமிடம் என்பதை உயரமும் பாவனையும் தீர்மானிக்கும். நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையின் தீப்பாதுகாப்பு விதிகளை வைத்து உங்கள் கட்டடக் கலைஞர் அதைக் குறிப்பிட வேண்டும். பிரதேச சபைக்கோ நகர சபைக்கோ வரைபடம் போகும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. மலையகத்தில் குளிருக்குப் பயந்து ஜன்னலைத் திறக்காத கண்ணாடியாகவே அடைத்துவிடுகிறார்கள், போதாததற்கு இரும்புக் கிரில். இரவில் அறைக்குள் தீ வந்தால் விருந்தாளி எந்த வழியால் வெளியே வருவார்? ஒவ்வொரு படுக்கையறையிலும் உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் ஒரு வழி இருக்க வேண்டும். எவ்வளவு விலையுயர்ந்த தீக்கண்ணாடி போட்டாலும் இது இல்லாவிட்டால் பயனில்லை.

இருக்கிற அலுமினியம் பிரேமிலேயே இந்தக் கண்ணாடியை மாட்டித் தாங்களேன்.

மாட்ட முடியாது. அலுமினியம் 660 பாகையில் உருகும், அதற்கு வெகு முன்பே பலமிழந்து வளையும். பத்து நிமிடத்தில் உலை 678 பாகையைத் தொடுகிறது. யூபிவிசி என்ற பிளாஸ்டிக் சட்டம் இன்னும் மோசம், 80 பாகையிலேயே இளகும். கண்ணாடி நிற்கும், அதைப் பிடித்திருக்கும் சட்டம் இருக்காது. தீக்கென்றே உள்ளே குளிரூட்டும் பொருள் நிரப்பிய அலுமினியச் சட்டங்கள் உண்டு. நம் கடைகளில் நீளமாகச் சாய்த்து வைத்திருக்கும் செக்‌ஷன் அது அல்ல.

தீத்தடுப்பு என்பது ஒரு முழு செட். கண்ணாடி, சட்டம், பீடிங், அதன் ஸ்குரூவின் நீளமும் இடைவெளியும், ஓரத்தில் ஒட்டும் செராமிக் டேப், அடியில் வைக்கும் கட்டை, சட்டத்தைச் சுவரில் பிடிக்கும் போல்ட், எல்லாம் சேர்த்துத்தான் பரிசோதிக்கிறார்கள். ஒன்றை மாற்றினால் சான்றிதழ் செல்லாது. ஸ்டீல் சட்டம் நல்லது. அடர்த்தியான மரமும் நல்லதுதான். மரம் எரியுமே என்று பயப்படுகிறார்கள், ஆனால் தடித்த கடின மரம் நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் கரியாகும், அந்தக் கரியே உள்ளிருக்கும் மரத்தைக் காக்கும். பழைய பங்களாக்களின் மரச் சட்டங்களைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கு: மரத்தின் வகையும் தடிப்பும் பரிசோதனை அறிக்கையில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

நான் தோட்டத்தில் லயத்தில் இருக்கிறேன். பக்கத்துக் காம்பராவில் தீப்பிடிச்சா என் வீடும் போகும். இந்தக் கண்ணாடி போட்டா தப்பலாமா?

இந்தக் கேள்விக்கு விற்பனைக்காரராகப் பதில் சொல்ல எனக்கு மனம் வராது. லயத்தில் ஜன்னல் வழியாகத் தீ பரவுவது குறைவு. மேலே பாருங்கள். பல லயங்களில் காம்பராவுக்குக் காம்பரா உள்ள சுவர் கூரைத் தகரம் வரை போவதில்லை. தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே லயத்தின் இந்தக் கடைசி முதல் அந்தக் கடைசி வரை ஒரே வெளி. ஒரு வீட்டில் மூண்ட தீயும் புகையும் அதற்குள் ஏறியதும் எல்லா வீட்டுக்கும் தலைக்கு மேல் வந்துவிடும். வரிசையாகப் பத்து, பன்னிரண்டு வீடு ஒரே இரவில் சாம்பலாவது இதனால்தான். தீயணைப்பு வண்டி டவுனிலிருந்து வளைந்து வளைந்து ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

கையில் காசு கொஞ்சம் இருந்தால் கண்ணாடிக்குக் கொடுக்காதீர்கள். அந்த நடுச்சுவரைக் கல்லோ பிளாக்கோ வைத்துத் தகரம் வரை உயர்த்திச் சந்து இல்லாமல் பூசுங்கள். வீட்டுக்குச் சொந்தம் தோட்டம் என்றால் நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள், லயத்தில் எல்லோரும் சேர்ந்து கையெழுத்து வைத்துக் கேளுங்கள். கூரைக்குள் ஒட்டுப்போட்டு இழுத்த கரண்ட் வயர்களையும் அதே நேரம் மாற்றுங்கள். தீ வந்தால் அழைக்க வேண்டிய எண் 110.

காஸ் சிலிண்டர் வெடிச்சா தீக்கண்ணாடி தாங்குமா?

அதற்காகச் செய்யப்பட்டது அல்ல. 2021 கடைசியில் நாடு முழுக்க காஸ் வெடிப்புகள் நடந்த பிறகு இதை நிறையப் பேர் கேட்கிறார்கள். வெடிப்பின் அழுத்தம் வேறு, தீயின் சூடு வேறு. சிலிண்டரைக் கட்டடத்துக்கு வெளியே, காற்றோட்டமான கூட்டில் வையுங்கள்.

பழைய ஸ்டோரில் கம்பிவலைக் கண்ணாடி இருக்கு. அதை அப்படியே விடலாமா?

முதலில் அடி ஓரத்தைப் பாருங்கள். மூடுபனி ஈரம் கண்ணாடியில் வடிந்து கீழ்ப் பீடிங்குக்குள் தேங்கும். வெட்டிய விளிம்பில் வெளியே தெரியும் கம்பி முனை துருப்பிடித்து ஊதும், ஊதிய இடத்திலிருந்து மேல்நோக்கி விரிசல் ஏறும். ஜப்பானில் இந்தக் கண்ணாடி அதிகம். அங்கேயும் இதே துரு விரிசல்தான் தொல்லை. நம் மலையின் ஈரத்துக்கு அந்த விளிம்பைப் பூசி அடைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, பழைய கம்பிவலைக் கண்ணாடி பலமானது என்பது தவறான எண்ணம். அதே தடிப்புள்ள வெறுங்கண்ணாடியை விட அது பலம் குறைந்தது. கை பட்டு உடைந்தால் கம்பியும் துண்டும் சேர்ந்து கிழித்துவிடும். பிள்ளைகள் ஓடும் நடைபாதைக் கதவில் இருந்தால் மாற்றிவிடுங்கள். ஆள் எட்டாத உயரத்தில், விரிசலும் துருவும் இல்லாமல் இருந்தால் விடலாம்.

எங்க வீட்டு குளிர்காயும் அடுப்புக்குப் போட்ட கண்ணாடி மிச்சம் இருக்கு. கதவுக்கு வைக்கலாமா?

வேண்டாம். அதுவும் செராமிக்தான், சூடு தாங்கும். ஆனால் கதவில் ஆள் மோதினால் என்னாகும் என்று அதைப் பரிசோதித்திருக்க மாட்டார்கள். கதவுக் கண்ணாடிக்குத் தீச் சான்றிதழோடு மோதல் பாதுகாப்புச் சான்றிதழும் வேண்டும். தீக்கு விற்கும் செராமிக்கிலேயே மேலே படலம் ஒட்டியோ லேமினேட் செய்தோ வரும் வகைதான் கதவுக்கு.

கொழும்பில ஓடர் செய்த இரட்டைக் கண்ணாடி நுவரெலியாவுக்கு வந்ததும் வெளியே உப்பி நிக்குது. பழுதா?

பழுதில்லை, காற்றழுத்தம். இரட்டைக் கண்ணாடி என்பது நடுவே காற்றையோ வாயுவையோ அடைத்து ஓரத்தைச் சீல் செய்தது. கடல் மட்டத்தில் அடைத்த காற்று அது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், இங்கே காற்றழுத்தம் கொழும்பை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உள்ளே இருக்கும் காற்று இரண்டு பலகையையும் வெளியே தள்ளுகிறது. ஜன்னலுக்கு எதிரே பக்கவாட்டாக நின்று பாருங்கள், கண்ணாடியில் பிரதிபலிக்கும் மரங்கள் நடுவில் வளைந்து தெரியும். சிறிய, குறுகிய பலகைகளில் அழுத்தம் இன்னும் மோசம், ஏனென்றால் அவை வளைந்து கொடுக்காது. அங்கே ஓரச் சீல் பிரியும், அல்லது கண்ணாடி வெடிக்கும்.

வெளிச்சுவருக்குத் தீக்கண்ணாடியை இரட்டையாகக் கேட்பவர்கள் இதை மறக்கவே கூடாது. ஓடர் கொடுக்கும்போது பொருத்தப் போகும் ஊரின் உயரத்தை எழுதிக் கொடுங்கள். தொழிற்சாலை அழுத்தத்தைச் சரிசெய்தோ, உள்ளழுத்தம் வெளியோடு சமமாக நுண்குழாய் வைத்தோ அனுப்பும். பொங்கும் படலம் உள்ள கண்ணாடிக்கு வேறு இரண்டு எதிரிகளும் உண்டு: நேர் வெயிலின் புற ஊதாக் கதிர், ஓரத்தில் நுழையும் ஈரம். வெயில் படும் பக்கத்துக்கு அதற்கென்ற வெளிப்புற வகை கேளுங்கள். ஓரத்தைச் சுற்றியிருக்கும் டேப் கிழிந்து வந்தால் திருப்பி அனுப்புங்கள். மழையில் லொறியில் நனைந்து வந்ததையும் ஏற்காதீர்கள்.

சைட்டில கொஞ்சம் வெட்டிச் சரிபண்ணலாமா?

பொங்கும் வகையையும் டெம்பர்ட் வகையையும் வெட்டவோ துளைக்கவோ ஓரம் தேய்க்கவோ கூடாது. சுவர்த் திறப்பைப் பூச்சு முடிந்த பிறகு அளந்து ஓடர் கொடுங்கள்.

இலங்கையில் பூமி அதிர்ச்சி வருமா? அதுக்கும் கணக்குப் பார்க்கணுமா?

இலங்கை புவித்தட்டின் விளிம்பில் இல்லை. இந்தோனேசியாவையோ ஜப்பானையோ போல நாம் பயப்படத் தேவையில்லை. ஆனால் அதிர்வே இல்லை என்பதும் சரியல்ல. 2020 ஓகஸ்டில் தொடங்கி அந்த ஆண்டு முடியும் வரை திகன, விக்டோரியா நீர்த்தேக்கம் பக்கம் சிறு அதிர்வுகள் சில தடவை உணரப்பட்டன. புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம் வந்து ஆராய்ந்தது. பெரிய கண்ணாடிச் சுவர் வைப்பவர்கள் பொறியியலாளரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. நமக்கு உண்மையான பிரச்சினை நிலம் மெல்ல நகர்வது, அது கீழே வருகிறது.

நான் வேலை செய்யிற நாட்டில் கடலோரம், நிலநடுக்கமும் வரும். அங்கே கண்ணாடி எடுக்கும்போது என்ன பார்க்கணும்?

தம்பி, நிலநடுக்கத்துக்குப் பின்னால் தீ வருவதுதான் வழக்கம் என்பதை முதலில் மனதில் வையுங்கள். 1906 சான் பிரான்சிஸ்கோ, 1923 டோக்கியோ, 1995 கோபே, மூன்றிலும் அதிர்ச்சிக்குப் பிறகு தீ ஊரையே தின்றது. தண்ணீர்க் குழாய் உடைந்திருக்கும், வீதி அடைபட்டிருக்கும், தீயணைப்பு வராது. அதிர்ச்சியில் கண்ணாடி விழுந்துவிட்டால் தீ வரும்போது அந்தத் தடுப்பு இல்லை.

கட்டடம் ஆடும்போது மேல்மாடி ஒரு பக்கமும் கீழ்மாடி மறுபக்கமும் நகரும், செவ்வகச் சட்டம் சாய்சதுரமாகும். கண்ணாடி சாயாது. அது சட்டத்துக்குள் முதலில் நழுவும், பிறகு சற்றுத் திரும்பும், கடைசியில் எதிரெதிர் மூலைகள் இரண்டும் சட்டத்தில் இடிக்கும். உடைவது அங்கேதான். ஒரு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரமுள்ள பலகைக்கு நான்கு பக்கமும் 6 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால், சட்டம் 36 மில்லிமீட்டர் சாயும் வரை மூலை இடிக்காது. பக்கவாட்டு இடைவெளியை இரண்டால் பெருக்கி, அதை ஒன்றும் உயரம்-அகல விகிதமும் சேர்ந்த தொகையால் பெருக்கினால் இந்த விடை வரும். பொறியியலாளர் எதிர்பார்க்கும் சாய்வின் ஒன்றேகால் மடங்கு இதில் அடங்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. மேலே சொன்ன பலகைக்கு 28.8 மில்லிமீட்டர் வரைதான் எதிர்பார்ப்பு இருக்கலாம்.

அவ்வளவு இடைவெளி விட்டா அந்தச் சந்தால தீ வராதா?

இந்தத் துறையில் மிகக் கடினமான கேள்வி இதுதான். தீ சொல்கிறது, ஓரத்தை ஆழமாக மூடி இறுக்கிப் பிடி என்று. நிலநடுக்கம் சொல்கிறது, தளர்வாக விடு என்று. இரண்டையும் சேர்க்க ஒரே வழி, சட்டத்தின் பள்ளத்தை ஆழமாக்குவது. அப்போது கண்ணாடி ஒரு பக்கம் முழுதாக நழுவினாலும் மறுபக்கம் போதிய ஓரம் சட்டத்துக்குள் மறைந்தே இருக்கும். மிஞ்சிய சந்தை அமுங்கி விரியும் செராமிக் இழை நிரப்பும். சட்டத்துக்கும் அதன் மேலுள்ள கொங்கிரீட் தளத்துக்கும் நடுவே நழுவும் மூட்டு வைத்து, கட்டடத்தின் ஆட்டம் சட்டத்துக்கே போகாமல் குறைப்பதும் உண்டு.

ஆனால் முன்பு சொன்ன செட் விதி இங்கேயும் உண்டு. அந்த இடைவெளியோடும் அந்த நிரப்பியோடும் உலையில் வைத்துப் பரிசோதித்த அறிக்கை இருக்க வேண்டும். தீ அறிக்கை ஒன்று, நில அதிர்வு அறிக்கை ஒன்று, இரண்டிலும் ஒரே சட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பரிசோதிக்கப்பட்டது புதுக் கண்ணாடி என்பதையும் மறக்காதீர்கள். பெரிய அதிர்ச்சி ஒன்று கடந்த பிறகு மூலைச் சிதறல், ஜெல் கசிவு, உள்ளே குமிழி, கிழிந்த ஓர டேப் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தே ஆக வேண்டும்.

கடற்காத்துக்கு ஸ்டீல் பிரேம் துருப்பிடிக்குமே?

பிடிக்கும். நாகம் (துத்தநாகம்) பூசி அதன் மேல் பெயின்ட் அடித்த ஸ்டீல், அல்லது 316 தர ஸ்டெயின்லெஸ். கதவின் கீல், தானாக மூடும் கருவி, ஸ்குரூ எல்லாமும் அதே தரத்தில் இருக்க வேண்டும். துருப்பிடித்த கீல் கதவை மூடவிடாது. மூடாத தீக்கதவு கதவே அல்ல.

எங்க காணி கொஞ்சம் கொஞ்சமா இறங்குது போல. தீக்கதவு மூலையில் இறுகுது. சீவி விடலாமா?

சீவாதீர்கள். தீக்கதவைச் சுற்றி இடைவெளி சுமார் 3 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். சீவிய பக்கம் சரியானாலும் மறுபக்கம் ஏற்கனவே விரிந்திருக்கும், அங்கே, சூட்டில் பொங்கிச் சந்தை அடைக்கக் கதவோரத்தில் வைத்திருக்கும் பட்டி எட்டாது. உங்கள் சட்டம் சாய்சதுரமாகிக்கொண்டிருக்கிறது. நிலநடுக்கம் ஒரு நிமிடத்தில் செய்வதை நிலம் இங்கே இரண்டு மழைக்காலத்தில் செய்கிறது. மேலே சொன்ன மூலை இடி இங்கேயும் நடக்கும். கண்ணாடியின் இரண்டு எதிர் மூலைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

சுவர் விரிசலுக்குக் குறுக்கே பென்சில் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். விரிசல் வளர்கிறது என்றால் முதல் வேலை கதவுக்காரரைக் கூப்பிடுவது அல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் கிராம சேவகருக்கும் சொல்லுங்கள். நிலம் நிற்கிறது என்று அவர்கள் சொன்ன பிறகு சட்டத்தைக் கழற்றி நிமிர்த்திப் பொருத்தலாம்.

சான்றிதழ் உண்மையா பொய்யா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பலகையின் மூலையில் அழியாத முத்திரை இருக்க வேண்டும். அதில் தயாரிப்பாளர், பொருளின் பெயர், தீ வகுப்பு தெரிய வேண்டும். "இஎன் 12150" என்று மட்டும் இருந்தால் அது டெம்பர்ட் என்பதற்கான அடையாளம், தீயோடு அதற்குச் சம்பந்தமில்லை. ஒட்டிய ஸ்டிக்கரை நம்பாதீர்கள்.

பிறகு பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள், முதல் பக்கத்தை மட்டும் அல்ல. அதில் பலகையின் அதிகபட்ச அளவு, சட்டத்தின் பெயர், நிமிர்த்தி வைத்துப் பரிசோதித்ததா சாய்த்து வைத்தா என்பது இருக்கும். செங்குத்துச் சுவருக்குப் பாஸான கண்ணாடி கூரை வெளிச்சத்துக்குப் பாஸானதாக ஆகாது. உங்கள் பலகை அறிக்கையில் உள்ளதை விடப் பெரிதென்றால், பெரிதாக்கலாம் என்று பரிசோதனைக் கூடமே எழுதித் தர வேண்டும்.

விலை கேட்டதும் தலை சுத்துது. கொஞ்சம் குறைக்க வழி இருக்கா?

இருக்கிறது. கண்ணாடியைக் குறையுங்கள். படிக்கட்டு அடைப்பு முழுவதும் கண்ணாடி வேண்டுமா? இருபுறமும் பூசிய செங்கல் சுவரும், நடுவே மறுபக்கம் ஆள் வருவது தெரியுமளவுக்குச் சிறு கண்ணாடி வைத்த தீக்கதவும் அதே வேலையைச் செய்யும். அந்தக் கதவைக் கண்ணாடியோடு சேர்த்தே வாங்குங்கள். வெறும் தீக்கதவை வாங்கி வந்து சைட்டில் ஓட்டை வெட்டிக் கண்ணாடி வைத்தால் அந்தக் கதவின் சான்றிதழ் அன்றோடு போய்விடும்.